மண்டிக் கணக்கும் உள்ளிணைந்த செயற்கூறுகளும்: ஒரு வினவல் ஏன் மெதுவாக ஓடுகிறது, ஏன் தவறான விடை தருகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். காய்கறி மொத்த மண்டி ஒன்றுக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல், நேரங்கள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கப்படுகின்றன, பில் அட்டவணையில் இப்போது 40 லட்சம் வரிசைகள் இருக்கின்றன. நிதியாண்டு அறிக்கைக்காக இயர், மன்த் ஆகிய செயற்கூறுகளை (தேதியிலிருந்து ஆண்டையும் மாதத்தையும் எடுத்துத் தரும், தரவுத்தளத்திலேயே உள்ளிணைந்த கட்டளைகள்) வைத்து எழுதிய வினவல் நிமிடக் கணக்கில் ஓடுகிறது. ஓடி முடித்தாலும் மார்ச் 31ஆம் தேதித் தொகை பேரேட்டோடு ஒத்துப்போவதில்லை. தக்காளியின் சராசரி விலை முதலாளி சொல்லும் விலையைவிட எப்போதும் கூடுதலாக வருகிறது. போதாக்குறைக்கு, சுப்பிரமணியன் என்ற வாடிக்கையாளரின் பெயர் 30 எழுத்தைத் தாண்டுகிறது என்று நிரல் ஏற்க மறுக்கிறது. இவற்றுக்கெல்லாம் சரியான செயற்கூறுகள் எவை என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியல் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். ஆனால் உங்கள் நான்கு கோளாறுகளையும் அது தீர்க்காது. நீங்கள் பயன்படுத்திய செயற்கூறுகள் ஒவ்வொன்றும் தனக்கு விதித்த வேலையைப் பிழையின்றித்தான் செய்திருக்கின்றன. வினவலில் அதை எந்த இடத்தில் வைத்தோம், அது எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பவற்றைப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்பியதில்தான் சிக்கல் வந்திருக்கிறது. கீழே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். திரையில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் வேகம். உங்கள் வினவலின் நிபந்தனைப் பகுதி ஏறத்தாழ இப்படி இருந்தது:

வேர் (இயர்(பில்_நேரம்) = 2023 அண்ட் மன்த்(பில்_நேரம்) >= 4) ஆர் (இயர்(பில்_நேரம்) = 2024 அண்ட் மன்த்(பில்_நேரம்) <= 3)

பில்_நேரம் என்ற நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் போட்டிருக்கிறீர்கள், ஆனாலும் அது பயன்படவில்லை. காரணம் எளியது. இன்டெக்ஸ் என்பது அந்த நெடுவரிசையின் மதிப்புகளை வரிசைப்படுத்தி வைத்த ஓர் ஏற்பாடு. இயர்(பில்_நேரம்) என்பதோ அந்த மதிப்பிலிருந்து கணக்கிட்டுப் பெறும் வேறொரு மதிப்பு. அகராதியில் முதலெழுத்து வரிசையில் சொற்கள் இருப்பதால் மோனைச் சொற்களை நொடியில் எடுத்துவிடலாம். எதுகைச் சொற்கள் வேண்டுமென்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு சொல்லின் இரண்டாம் எழுத்தையும் பார்த்தாக வேண்டும். உங்கள் வினவலும் அதைத்தான் செய்கிறது: 40 லட்சம் வரிசைகளையும் படித்து, ஒவ்வொன்றிலும் ஆண்டையும் மாதத்தையும் பிரித்தெடுத்து, பிறகுதான் வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்கிறது.

ஆகவே நிபந்தனையில் நெடுவரிசையைத் தொடாமல், ஒப்பிடப்படும் மறுபக்கத்தில் கணக்கை முடித்துவிடுங்கள்:

வேர் பில்_நேரம் >= '2023-04-01' அண்ட் பில்_நேரம் < '2024-04-01'

இதில் மேல் எல்லைக்குச் சமக்குறி இல்லாததைக் கவனியுங்கள். பலர் பிட்வீன் என்ற சொல்லைப் பயன்படுத்தி '2023-04-01' அண்ட் '2024-03-31' என்று எழுதுகிறார்கள். நேரமும் சேர்ந்த நெடுவரிசையில் '2024-03-31' என்பது அந்த நாளின் நள்ளிரவு 12 மணியையே குறிக்கும். அன்று பகல் முழுவதும் போட்ட பில்கள் சத்தமில்லாமல் விடுபட்டுவிடும். தொடக்கத்தைச் சேர்த்தும் முடிவைச் சேர்க்காமலும் எழுதும் பழக்கம் வந்துவிட்டால் 30 நாள் மாதமா 31 நாள் மாதமா என்ற கவலையும் இல்லை, லீப் ஆண்டுக் கவலையும் இல்லை. ஆனால் இந்த வினவல் இன்னும் முழுச் சரியாகவில்லை. யூடிசி நேரம் என்ற காரணத்தால் எல்லைகளை மாற்ற வேண்டியிருக்கும், சற்றுப் பொறுங்கள்.

அதற்கு முன் ஒரு நேர்மையான எச்சரிக்கை. ஓராண்டு முழுவதும் கேட்கும் வினவலில், அட்டவணையின் பெரும்பங்கு அந்த வரம்புக்குள் வந்துவிட்டால், இன்டெக்ஸ் வழியாகத் தாவித் தாவிப் படிப்பதைவிட முழு அட்டவணையையும் ஒரே மூச்சில் படிப்பதே மலிவு என்று தரவுத்தளமே முடிவு செய்யக்கூடும். நாளறிக்கையிலும் வார அறிக்கையிலும் வேகம் பல மடங்கு கூடும். ஆண்டறிக்கையில் அந்த அளவுக்குக் கூடாமல் போகலாம். பில்_நேரம், கமிஷன் இரண்டையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸாகப் போட்டால் அட்டவணைக்குப் போகாமலே தொகையைக் கூட்டிவிட முடியும், அப்போது ஆண்டறிக்கையும் சுருக்கென முடியும். எதைச் செய்தாலும் வினவல் ஓடும் வழியைக் காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் கட்டளையை முன்னால் போட்டு, டைப் என்ற நெடுவரிசையில் ஆல் என்று வருகிறதா ரேஞ்ச் என்று வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆல் என்றால் முழு அட்டவணையும் படிக்கப்படுகிறது என்று பொருள்.

செலக்ட் பகுதியில் செயற்கூறு வருவது வேறு கதை. வடிகட்டலைத் தாண்டி வந்த வரிசைகளின் மீது மட்டும் அது ஓடுவதால், டேட்_ஃபார்மட் வைத்து நாளை அழகாகக் காட்டுவதற்கெல்லாம் தயங்க வேண்டியதில்லை. தேடும் இடத்தில் சிக்கனம், காட்டும் இடத்தில் தாராளம் என்று நான் புதியவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

நெடுவரிசையின் மீது செயற்கூறு போட்டே தேட வேண்டிய தேவையும் சில நேரம் வரும். மின்னஞ்சல் முகவரியைச் சிறிய எழுத்தாக மாற்றி ஒப்பிடுவது அப்படிப்பட்டது. நம் பழைய நிகண்டுகளில் சொற்களை எதுகை வரிசையில் அடுக்கிய பகுதிகள் உண்டு. எதுகை தேடுபவருக்கு எதுகை வரிசையிலேயே ஒரு தொகுப்பைத் தந்துவிடுகிற ஏற்பாடு அது. தரவுத்தளத்தில் அதற்கு ஒப்பானது கணக்கிட்ட மதிப்பின் மீதே இன்டெக்ஸ் போடுவதாகும். மற்றத் தரவுத்தளங்களையும் சேர்த்துச் சொன்னால், ஆரக்கிளில் 8ஐ பதிப்பிலிருந்தும், எஸ்க்யூலைட்டில் 3.9 பதிப்பிலிருந்தும், மைஎஸ்கியூஎல்லில் 8.0.13 பதிப்பிலிருந்தும் இது இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் இது வெகு காலமாக உண்டு. வினவலில் எழுதும் கோவை இன்டெக்ஸில் எழுதிய கோவையோடு பொருந்த வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடை தரும் செயற்கூறுகளையே இதில் பயன்படுத்த முடியும். நடப்பு நேரம் தரும் நவ், தற்போக்கு எண் தரும் ராண்ட் போன்றவற்றுக்கு இடமில்லை.

விதிவிலக்குகளும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் நேர நெடுவரிசையைக் காஸ்ட் மூலம் டேட் வகைக்கு மாற்றி ஒப்பிட்டால், அது உள்ளுக்குள் வரம்பாக மாற்றப்பட்டு இன்டெக்ஸ் பயன்படுகிறது. மரியாடிபி 11.1 பதிப்பிலிருந்து இயர், டேட் ஆகிய இரண்டையும் ஒரு மாறிலியோடு ஒப்பிடும்போது அவ்வாறே செய்கிறது. இருந்தாலும் இந்தச் சலுகையை நம்பி எழுதிய வினவல் வேறொரு தரவுத்தளத்துக்குப் போனதும் நொண்டும் என்பதால், வரம்பாகவே எழுதிப் பழகுவது நல்லது.

நீங்கள் எழுதாத செயற்கூறும் இதே கேட்டைச் செய்யும். செல்பேசி எண்ணை வார்ச்சார் என்ற எழுத்துவகை நெடுவரிசையில் வைத்துவிட்டு, வினவலில் மேற்கோள்குறி இல்லாமல் வெறும் எண்ணோடு ஒப்பிட்டால், மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள எழுத்துத்தொடரை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். கண்ணுக்குத் தெரியாத மாற்றம்தான், ஆனால் இன்டெக்ஸ் பயன்படாமல் போவது நிச்சயம். இரண்டு மேற்கோள்குறிகளைச் சேர்த்ததும் பல நொடி வினவல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

இனி மார்ச் 31 தொகைக்கு வருகிறேன். காய்கறி மண்டி மற்றக் கடைகளைப் போல ஒன்பது மணிக்குத் திறப்பதில்லை; இரவில் லோடு இறங்கி, விடியும் முன்பே பெரும்பகுதி வியாபாரம் முடிந்துவிடும். இந்திய நேரம் யூடிசியைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. 2024 ஏப்ரல் 1 அதிகாலை 3.40க்குப் போட்ட பில், தரவுத்தளத்தில் மார்ச் 31 இரவு 10.10 என்றே பதிவாகிறது. அதன் மீது மன்த் போட்டால் 3 என்று வரும். இயர், மன்த் எல்லாம் சரியாகத்தான் கணக்கிடுகின்றன, அவற்றின் கையில் கொடுத்த நேரம்தான் நம் ஊர் நேரம் இல்லை. புதிய நிதியாண்டின் முதல் நாளில் காலை 5.30க்கு முன் நடந்த வியாபாரம் அவ்வளவும் பழைய ஆண்டில் போய் ஏறியிருக்கிறது. ஆண்டின் தொடக்கத்திலும் இதே நழுவல் நடந்திருக்கும். 2023 ஏப்ரல் 1 விடியற்காலைப் பில்கள் உங்கள் அறிக்கைக்குள் வரவே இல்லை. முதலாளி மார்ச் 31ஐ மட்டும் கவனித்ததால் அது கண்ணில் படவில்லை.

ஆகவே சரியான எல்லைகள் இவை:

வேர் பில்_நேரம் >= '2023-03-31 18:30:00' அண்ட் பில்_நேரம் < '2024-03-31 18:30:00'

நாள்வாரியாகத் தொகுக்கும்போது கன்வர்ட்_டிஇசட் என்ற செயற்கூற்றால் நேரத்தை மாற்றிவிட்டுப் பிறகு டேட் போட வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நேர மண்டலத்தை 'ஆசியா/கொல்கத்தா' என்று பெயரால் கொடுத்தால், சர்வரில் நேர மண்டல அட்டவணைகள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஏற்றப்படவில்லையென்றால் அது பிழை சொல்லாமல் 'நல்' என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தந்துவிடும், உங்கள் அறிக்கையில் எல்லா நாளும் ஒரே வெற்றுக் குழுவாக வந்து நிற்கும். '+00:00', '+05:30' என்று எண்ணாகக் கொடுத்தால் அந்த அட்டவணைகள் தேவையில்லை. இந்தியாவில் கோடைக்கால நேர மாற்றம் இல்லாததால் நமக்கு இதுவே போதும். மேலும், மைஎஸ்கியூஎல்லில் டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசை, இணைப்பின் நேர மண்டலத்துக்கு ஏற்பத் தானே மாறிக் காட்டும். டேட்டைம் வகை போட்டதைப் போட்டபடியே காட்டும். உங்களுடையது எந்த வகை என்று பார்க்காமல் மாற்றத்தைச் சேர்த்தால் 5.30 மணி நேரம் இரண்டு முறை கூடிவிடும்.

என் சொந்தக் கருத்து என்னவென்றால், மண்டிக்கு இந்த மாற்றம்கூடப் போதாது. இரவு 11 மணிக்கு இறங்கிய லோடை விடியற்காலை விற்பவர், அதை மறுநாள் கணக்கிலேயே எழுதுகிறார். அவருடைய நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. எந்த உள்ளிணைந்த செயற்கூற்றுக்கும் அந்த வழக்கம் தெரியாது. ஆகையால் வணிக_நாள் என்று டேட் வகையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, பில் போடும்போதே நிரல் அதை நிரப்பும்படி செய்து, அதற்கு இன்டெக்ஸ் போட்டுவிடுங்கள். நாளைப் பற்றிய அத்தனை வினவல்களும் ஒரு வரியில் முடியும், பேரேட்டோடும் ஒத்துப்போகும்.

சராசரி விலைக்கு வருவோம். நீங்கள் ஏவிஜி(விலை) என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளில் 100 கிலோ தக்காளி கிலோ 20 ரூபாய்க்கும், 10 கிலோ சில்லறையாக 40 ரூபாய்க்கும் போயிருக்கிறது என்று கொள்வோம். ஏவிஜி இரண்டு வரிசைகளையும் சமமாகப் பாவித்து 30 என்று சொல்லும். முதலாளியின் கல்லாவில் 110 கிலோவுக்கு 2,400 ரூபாய்தான் இருக்கிறது; அவர் கணக்கில் கிலோ 21 ரூபாய் 82 காசு. சிறு எடையில் வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பது எந்த மண்டியிலும் நடப்பது என்பதால்தான் உங்கள் சராசரி எப்போதும் ஒரே பக்கமாகக் கூடுகிறது. வேண்டியது இது:

செலக்ட் சம்(விலை * எடை) / சம்(எடை) ஃப்ரம் பில்கள் வேர் சரக்கு = 'தக்காளி'

எடை எல்லாம் பூச்சியமாக இருக்கும் நாளில் பூச்சியத்தால் வகுக்க நேராமல் இருக்க, கீழ்ப்பகுதியை, பூச்சியத்தை வெற்று மதிப்பாக மாற்றும் நல்இஃப்(சம்(எடை), 0) என்று எழுதிக்கொள்ளலாம். இதே வினவலை வேறு தரவுத்தளத்துக்குக் கொண்டுபோனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வெட்டப்படும், அங்கே 5 / 2 என்பது 2, மைஎஸ்கியூஎல்லிலும் ஆரக்கிளிலும் 2.5. எஸ்க்யூஎல் சர்வரில் முழு எண் நெடுவரிசைக்கு ஏவிஜி போட்டால் விடையும் முழு எண்ணாகவே வரும்.

சராசரியோடு ஒட்டி வருவது நல் என்ற வெற்று மதிப்பு. தமிழில் எழுதினால் நல்லதைக் குறிக்கும் அடைமொழிபோலத் தோன்றினாலும், தரவுத்தளத்தில் அதற்கு மதிப்பு தெரியவில்லை என்றுதான் பொருள். பூச்சியமும் அன்று, வெற்றுத்தொடரும் அன்று. வெற்றுத்தொடரையே நல்லாகக் கருதும் ஆரக்கிள் இதில் தனிவழி. ஒரு விவசாயியின் நான்கு லோடுகளுக்குக் கமிஷன் 1,200, 800, நல், 1,000 என்று இருந்தால், ஏவிஜி நல் வரிசையை விட்டுவிட்டு மூன்றால் வகுத்து 1,000 தரும். நல்லுக்குப் பதில் 0 எடுத்துக்கொள்ளும்படி ஏவிஜி(கோயலெஸ்(கமிஷன், 0)) என்றால் நான்கால் வகுத்து 750 வரும். எது சரி என்பதை எஸ்க்யூஎல் சொல்ல முடியாது. கமிஷன் இன்னும் போடவில்லை என்றால் முதலாவது சரி. தெரிந்தவர் என்பதால் கமிஷன் வாங்கவில்லை என்றால் இரண்டாவது சரி, ஆனால் அப்போது அந்த வரிசையில் 0 என்றே பதிந்திருக்க வேண்டும். கோயலெஸ் போட்டு மூடுவதற்கு முன் அந்த வெற்றிடம் ஏன் வந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கவுன்ட்டிலும் இதே வேறுபாடு உண்டு. கவுன்ட்(*) வரிசைகளை எண்ணும். கவுன்ட்(கமிஷன்) நல் அல்லாதவற்றை மட்டும் எண்ணும். இது வெளிப்படையாகக் கடிக்கும் இடம் லெஃப்ட் ஜாயின், அதாவது இணை கிடைக்காவிட்டாலும் முதல் அட்டவணையின் வரிசைகளை விடாமல் வைத்துக்கொள்ளும் இணைப்பு. விவசாயிகள் பட்டியலோடு பில்களை லெஃப்ட் ஜாயினில் இணைத்து, யாருக்கு எத்தனை பில் என்று கவுன்ட்(*) போட்டுப் பாருங்கள்: இந்த மாதம் ஒரு மூட்டைகூட அனுப்பாதவருக்கும் 1 என்று வரும். இணை கிடைக்காதபோதும் அவருடைய வரிசை ஒன்று, பில் பக்கமெல்லாம் நல்லாக, விடையில் இருக்கிறது, அதைத்தான் எண்ணுகிறது. கவுன்ட்(பில்_எண்) என்று எழுதினால் 0 வரும். அவருக்குச் சம் போட்டால் பூச்சியம் வராமல் நல் வரும் என்பதால், கோயலெஸ்(சம்(தொகை), 0) என்று சம்முக்கு வெளியே சுற்றுவதே வழக்கம்.

எழுத்துத்தொடர்களை ஒட்டும்போது நல் நடந்துகொள்ளும் விதம் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் வேறு. மைஎஸ்கியூஎல்லில் கான்கேட் செயற்கூற்றுக்குக் கொடுத்தவற்றில் ஒன்று நல்லானாலும் முழு விடையும் நல்லாகிவிடும். ஊர்ப்பெயர் இல்லாத வாடிக்கையாளரின் முகவரி முழுவதும் மறைந்துபோவது இதனால்தான். போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் அதே பெயருள்ள செயற்கூறு நல்லைக் கண்டுகொள்ளாமல் மற்றதை ஒட்டும். எங்கும் ஒரே மாதிரி வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் கோயலெஸால் சுற்றிவிடுங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் கோயலெஸுக்குப் பதில் ஈஸ்நல் பயன்படுத்துவோர், அது முதல் உள்ளீட்டின் வகைக்கும் நீளத்துக்கும் விடையை வெட்டிவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும்: மூன்று எழுத்து நெடுவரிசையில் நீளமான மாற்றுச்சொல் கொடுத்தால் மூன்று எழுத்துதான் மிஞ்சும்.

ஒரே வேலைக்கு ஏன் இத்தனை பெயர், இத்தனை நடத்தை என்று எரிச்சல் வருவது இயல்பு. எஸ்க்யூஎல் என்னும் இந்த வினவல் மொழியின் முதல் வடிவத்தை ஐபிஎம் நிறுவனத்தில் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்டார்கள். 1986இல் முதல் தரநிலை வந்தபோது அதில் இருந்த செயற்கூறுகள் கவுன்ட், சம், ஏவிஜி, மேக்ஸ், மின் ஆகிய ஐந்தே. கோயலெஸ், சப்ஸ்ட்ரிங், டிரிம், காஸ்ட் முதலியவை 1992 தரநிலையில்தான் சேர்ந்தன. அதற்குள் விற்பனையாளர்கள் தத்தம் விருப்பப்படி என்விஎல், ஈஸ்நல், சப்ஸ்டர் என்று வைத்துவிட்டார்கள், வைத்ததை எடுக்கவும் முடியவில்லை. அந்த ஐந்தும் இன்றும் எல்லா இடத்திலும் ஒரே பெயரில் இருப்பதற்கும், நாளையும் எழுத்தையும் பற்றிய செயற்கூறுகள் மட்டும் ஆளுக்கொரு பெயரில் திரிவதற்கும் காரணம் இதுதான்.

இப்போது சுப்பிரமணியன். மைஎஸ்கியூஎல்லில் லென்த் என்ற செயற்கூறு பைட்டுகளை எண்ணுகிறது. சார்_லென்த் என்பதே குறியீட்டு எழுத்துகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். அந்தப் பெயரில் நம் கணக்கில் சு, ப், பி, ர, ம, ணி, ய, ன் என்று 8 எழுத்துகள். யூனிகோடோ உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனிக் குறியீடாக வைத்திருப்பதால் அதன் கணக்கில் 13. லென்த் கணக்கில் 39. உங்கள் வரம்பு 30 என்பதால் பெயர் தள்ளுபடியானது. சார்_லென்த் என்று மாற்றினால் இப்போதைய சிக்கல் தீரும்; ஆனாலும் அது எண்ணுவது நாம் எழுத்து என்று சொல்வதை அன்று. போஸ்ட்கிரெஸில் லென்த் என்ற அதே பெயர் பைட்டை எண்ணாமல் குறியீட்டையே எண்ணும் என்பதால், இணையத்தில் கண்ட விடையைப் பிரதியெடுக்கும்போது அது எந்தத் தரவுத்தளத்துக்கு எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மெய்யான எழுத்தெண்ணிக்கை வேண்டுமென்றால், ஒழுங்குக்கோவையால் (எழுத்துகளின் அமைப்பைக் குறித்துத் தேடும் ரெகெக்ஸ்) ஆகாரக் குறி முதல் புள்ளி வரையுள்ள குறிகளையும் ஔகாரத்தின் இரண்டாம் பாதிக் குறியையும் நீக்கிவிட்டு மீதியை எண்ணலாம். மைஎஸ்கியூஎல் 8 பதிப்பிலும் போஸ்ட்கிரெஸிலும் இதற்கான ரெகெக்ஸ்பி_ரிப்ளேஸ் இருக்கிறது. க்ஷ, ஸ்ரீ போன்றவை இரண்டாக எண்ணப்படும்; பெயர்ப் பெட்டியின் அகலத்தைச் சரிபார்க்க அது பெரிய குறையன்று.

நீளத்தைவிட ஆபத்தானது வெட்டுவது. உங்கள் நிரலில் தலைப்பெழுத்துக்கு லெஃப்ட்(தந்தை_பெயர், 1) என்று எழுதியிருப்பதைக் கண்டேன். கிருஷ்ணன் என்ற பெயரிலிருந்து அது எடுத்துத் தருவது 'க', வேண்டியதோ 'கி'. கருணாகரனின் மகனுக்கும் கிருஷ்ணனின் மகனுக்கும் ஒரே தலைப்பெழுத்து பில்லில் அச்சாகும், மண்டியில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் பாக்கி யாருடையது என்று குழப்பம் வரும். லெஃப்ட்('தமிழ்', 4) என்று போட்டுப் பாருங்கள், புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும். முதல் குறியீட்டையும் அதைத் தொடர்ந்து வரும் குறிகள் எத்தனை இருந்தாலும் அவற்றையும் சேர்த்து எடுக்கும்படி ரெகெக்ஸ்பி_சப்ஸ்டர் எழுதுவதே இதற்கு வழி.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. கொடைக்கானல் என்ற சொல்லின் 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் பதியலாம், எகரக் குறியும் ஆகாரக் குறியுமாக இரண்டாகவும் பதியலாம். விசைப்பலகையைப் பொறுத்து இரண்டும் வரும். திரையில் ஒன்றுபோலவே தெரிந்தாலும், குறியீடுகளை அப்படியே ஒப்பிடும் தரவுத்தளத்தில் குரூப் பை போட்டுத் தொகுத்தால் ஒரே ஊர் இரண்டு வரிசையாக வரும். போஸ்ட்கிரெஸ் 13 பதிப்பிலிருந்து நார்மலைஸ் என்ற செயற்கூறு இவ்விரண்டையும் ஒன்றாக்கித் தருகிறது. மைஎஸ்கியூஎல்லில் அத்தகைய செயற்கூறு இல்லை என்பதால், தரவுத்தளத்தில் சேர்ப்பதற்கு முன்பே நிரல் மொழியில் செய்துவிடுவது உத்தமம். ஸ்ரீ மட்டும் இதற்கும் அடங்காது. ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். யூனிகோடின் பார்வையில் அவை வெவ்வேறு சொற்கள். அதற்கு ரிப்ளேஸ் போட்டு ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கமிஷனை ரவுண்ட் செய்வது பற்றியும் ஒரு சொல். பணத்தை ஃப்ளோட் என்ற தோராய எண் வகையில் வைக்காதீர்கள், டெசிமல் என்ற துல்லிய வகையில் வையுங்கள். ரவுண்ட்(2.5) என்று டெசிமலாகக் கொடுத்தால் மைஎஸ்கியூஎல் 3 தரும், அதே மதிப்பை ஃப்ளோட்டாகக் கொடுத்தால் பல இயந்திரங்களில் 2 வரும். டெசிமலிலும் எங்கே ரவுண்ட் செய்கிறோம் என்பது தொகையை மாற்றும்: 33.335 என்ற மூன்று வரிகளைத் தனித்தனியே ரவுண்ட் செய்து கூட்டினால் 100.02, கூட்டிவிட்டு ரவுண்ட் செய்தால் 100.01. பில்லில் அச்சாவது வரிவாரித் தொகை என்றால் அறிக்கையும் சம்(ரவுண்ட்(...)) என்றே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பைசாவுக்காகக் கணக்குப்பிள்ளை உங்களை அழைத்துக்கொண்டே இருப்பார்.

விவசாயி கணக்கில் ஓடும் பாக்கியைக் காட்ட சம்(தொகை) ஓவர் (ஆர்டர் பை வணிக_நாள்) என்று எழுத நினைத்தால், ஒரே நாளில் மூன்று பதிவுகள் இருந்தால் மூன்றிலும் அந்த நாளின் இறுதிப் பாக்கியே தெரியும்; சம நிலையில் உள்ள வரிசைகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுவதே அதன் இயல்பான எல்லை. ஆர்டர் பை வணிக_நாள், பில்_எண் என்று சேர்த்தால் வரிசைக்கு வரிசை பாக்கி நகரும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், நேர எல்லையில் தொடங்குங்கள். மற்றவை காத்திருக்கும், வரிக் கணக்கு காத்திருக்காது. பழைய வினவலை அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, 2024 மார்ச் 31 மாலை 18:30 முதல் ஏப்ரல் 1 நள்ளிரவு 00:00 வரை யூடிசியில் பதிவான பில்களின் தொகையைத் தனியாக எடுங்கள். முந்தைய ஆண்டின் அதே ஐந்தரை மணி நேரத்துக்கும் எடுங்கள். பழைய ஆண்டறிக்கையிலிருந்து முதல் தொகையைக் கழித்து இரண்டாவதைக் கூட்டினால் புதிய அறிக்கையின் தொகை பைசா பிசகாமல் வர வேண்டும். வந்ததென்றால் பேரேட்டை எடுத்து முதலாளியிடம் காட்டுங்கள். வராவிட்டால் முதலில் அந்த நெடுவரிசை டைம்ஸ்டாம்ப்பா டேட்டைமா என்று பாருங்கள்.